அப்பா கீறிவைத்த இடம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் நீங்கள் அனைவரும் எங்கள் வீட்டு முன்னறைக்குள் ஒருமுறையாவது வந்தவர்கள். அப்பாவின் கடைசி வாரங்களில் வந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். வாசலால் நுழைந்ததும் நீங்கள் இடப்பக்கம் ஒதுங்கி, சுவரோரமாக நடந்து, மாதா சுரூபத்தின் அருகில் போய் நின்றீர்கள். அப்படிப் போகும்படி யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அறையின் நடுவே ஒரு பொருளும் இருக்கவில்லை. அப்பாவைப் பற்றி எழுத இருந்தால், எனக்கு அந்த வெறும் நிலத்தைத் தாண்டி எழுத வருகுதில்லை. ஆகவே அந்த இடம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே அப்பாவின் வாழ்வை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது நிலாவெளியில். அவருடைய தகப்பனார் கரைவலை இழுத்தவர். வலையில் பங்கில்லை; கயிறு இழுத்த கைக்குக் கிடைத்த மீனே கூலி. பள்ளிக்கூடத்துக்கு அப்பா ஒரேயொரு நாள்தான் போனார், அதுவும் அதன் கூரை மேயக் கிடுகு எடுத்துக் கொடுக்க. இதைத் தாமே சொல்லிச் சிரிப்பார். தகப்பனார் இறந்ததும், மீசை அரும்பாத வயதில், திருகோணமலைக்கு வந்து வெள்ளைக்காரர்களின் கடற்படைப் பண்டகசாலையில் மூட்டை சுமக்கச் சேர்ந்தார்.

அங்கே ஒரு முறை இருந்தது. கப்பலிலிருந்து சாமான் இறங்க முன்னரே அதற்குரிய இடத்தைப் பண்டகசாலை நிலத்தில் வெண்கட்டியால் கீறிவிடுவார்கள். கிளாக்கர் நீள அகலத்தைச் சொல்ல, ஒருவர் குனிந்து கீறுவார். இடம் கீறாத சாமானை உள்ளே எடுப்பதில்லை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நூல் பிடிக்காமலே நேர்கோடு கீறுவார். சில வருடங்களில் கீறும் வேலை அவருடையதாயிற்று.

உலக யுத்த காலத்தில் ஒருமுறை பெரியதோர் இடம் கீறினாராம். அந்தக் கப்பல் வரவில்லை. கடலில் மூழ்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. வேறு கப்பல்கள் வந்தன. இடம் போதாமல் சாமான்களை வெளியே மழைக்குள் அடுக்கினார்கள். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் ஒருவரும் ஒன்றும் இறக்கவில்லை. கோடு காலடியில் தேய்ந்து அழிந்த பிறகும், முதுகு வளைய மூட்டை சுமந்து வந்தவர்கள்கூட அதைச் சுற்றியே நடந்தார்கள். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் தாழ்ந்துவிடும்.

"கோடு கண்ணுக்குத்தான் பிள்ளை. கண் மறந்திடும். கால் மறக்காது."

வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனபோது அப்பாவின் வேலையும் போனது. உடன் வேலை செய்தவர்கள் வீட்டுக்குப் போர்வையும் பீங்கானும் கொண்டு போனார்களாம். அப்பா ஒரு தகரப்பேணி நிறைய வெண்கட்டி கேட்டு வாங்கி வந்தார். "நல்லது. இனி மூண்டு நேரமும் இதை அவிச்சுத் தின்னுவம்" என்று சொல்லி அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை.

அந்த வெண்கட்டியால்தான் நான் எழுத்துப் பழகினேன். அந்த வெண்கட்டியால்தான் அப்பா குடும்பத்தையும் நடத்தினார். துறைமுகத்தில் அவருக்கு நாட்கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. ஆனாலும் வீட்டில் யார் எதை வாங்கவேண்டுமென்று கேட்டாலும் அவர் இல்லையென்று சொன்னதில்லை. "எங்க வைக்கப்போறியள்?" என்று கேட்பார். இடத்தைக் காட்டினால் அந்தப் பொருளின் அளவுக்கு நிலத்தில் ஒரு கட்டம் கீறுவார். கட்டத்துக்குள் பொருளின் பெயரை நான் எழுதவேண்டும். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமைக்காகவே எதையாவது கேளுங்கோ என்று அம்மாவை நச்சரித்திருக்கிறேன்.

பிறகு நாற்பது நாள் காத்திருக்கவேண்டும், தவக்காலம் போல. கோட்டைத் திரும்பக் கீறக்கூடாது. அம்மாவின் விளக்குமாறு அதை ஒன்றிரண்டு கிழமைக்குள் அழித்துவிடும். அதன்பிறகு அப்பா எங்கள் கால்களைப் பார்க்கத் தொடங்குவார். கோடு அழிந்ததும் கால் தாராளமாக உள்ளே போனால் அது ஆசை. அழிந்த பின்னும் கால் சுற்றிப் போனால் அது தேவை. தேவையென்றால் வாங்குவார். ஆசையென்றால் அதைப் பற்றி அந்த வீட்டில் பிறகு கதை இல்லை.

பங்குச் சுவாமியார் வீடு சந்திக்க வரும்போது பாயில் இருத்த வெட்கமாயிருக்கிறதென்று அம்மா இரண்டு கதிரை கேட்டார். அப்பா இரண்டு கட்டம் கீறினார். மூன்றாம் கிழமை ஒரு கட்டத்துக்குள் எல்லோரும் நடந்தோம், மற்றதைச் சுற்றினோம். எங்கள் பூனை அந்த மற்றக் கட்டத்தின் ஓரத்தில், எதிலோ முதுகைச் சாய்த்தது போலப் படுத்திருக்கும். சாய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாயிருக்கும். பார்க்காமல் இருக்கவும் முடியாது.

அப்பா ஒரு கதிரை மட்டும் வாங்கினார். வேலையால் வந்ததும் அதில் இருந்து இரண்டு காலையும் நீட்டிவிடுவார். குசினிக்குப் போகும் வழி அடைபடும்.

"காலை மடக்குங்கோவன். கப்பல் கட்டினமாதிரிக் கிடக்கு" என்று அம்மா தண்ணீர்க் குடத்தோடு அவர் காலைச் சுற்றிப் போவார். அப்பா மடக்கியதில்லை.

அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு றேடியோ வேண்டும். அலுமாரிக்குப் பக்கத்தில் அப்பா கீறிக் கொடுத்தார். மாமா அந்தக் கட்டத்தை நாளுக்குப் பத்துத் தரம், மாப்பிள்ளை கோயிலுக்குள் வருகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சுற்றுவார்.

"அத்தான், பாருங்கோ, நான் சுத்தித்தான் போறன்."

"நீ சுத்துறாய். உன்ர கால் சுத்தேல்லை. அதை நீ இழுத்துக்கொண்டு போறாய்."

"காலுக்கு மூளை இருக்கோ அத்தான்?"

"உனக்கு அங்கயாவது இருக்கோ எண்டுதான் பாக்கிறன்."

முப்பதாம் நாள் மாமா யாரோடோ பந்தாட்டக் கதையில் சூடாகி, றேடியோவின் கட்டத்துக்கு நட்டநடுவில் நின்று கை வீசிக்கொண்டிருந்தார். அப்பா கீழே பார்த்தார். மாமாவும் கீழே பார்த்தார். றேடியோக் கதை அதோடு முடிந்தது.

பெரும்புயல் அடித்த வருடம் எங்கள் கூரை பறந்தது. நான் வழக்கம்போல வெண்கட்டிப் பேணியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் நனைந்தபடி நின்று என் தலையைத் தடவினார்.

"இதுக்கு வேண்டாம் பிள்ளை. தேவை முத்தினால் தானே கீறிக்கொள்ளும்."

நிலத்தைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் நின்ற பகுதியும் நிற்காத பகுதியும் கோடு போட்டது போல் பிரிந்திருந்தன. அன்றே தகரம் வாங்கினார். வாங்கியதில் இரண்டை, பிள்ளைத்தாய்ச்சி இருந்த அயல் வீட்டுக்குக் கொடுத்தார். எங்கள் குசினிக்கு ஒரு வருடம் வானமே கூரை.

நான் பரீட்சையில் சித்தியடைந்து, மட்டக்களப்பில் ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவானதாகக் கடிதம் வந்தது. எங்கள் இரு வழிக் குடும்பங்களிலும் ஒருவர் பெயருக்குக் கடிதம் வந்ததே அதுதான் முதல் தடவை. ஆனால் அப்பா சேர்த்து வைத்திருந்த பணம் என் கழுத்துச் சங்கிலிக்கு.

"பொம்பிளைப் பிள்ளைக்குச் சங்கிலி தேவை. படிப்பு ஆசை. இதுக்கும் கோடு வேணுமே?" என்றார் அம்மா.

"கீறித்தான் பாப்பமே" என்று அப்பா எழும்பினார். விடுதிக்கு நான் கொண்டு போகவேண்டிய றங்குப்பெட்டியின் அளவுக்கு, குசினி வாசலோடு, அம்மாவின் நடைபாதையிலேயே கீறினார். நான் பெயர் எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அம்மா ஈரத்துணியால் இரண்டே நாளில் அதைத் துடைத்துவிட்டார். துடைக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. அதன்பிறகு முப்பத்தெட்டு நாளும் நான் சாப்பாட்டை மறந்து அம்மாவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என் கண் முன்னால் காலை அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் மிதித்து நடந்தார்.

நாற்பதாம் நாள் காலை. கிணற்றடியிலிருந்து அம்மா குடத்தோடு வந்தார். ஏதோ யோசனையில், எங்களைப் பார்க்காமல் வந்தார். குசினி வாசலடியில் அவர் கால் விலகிச் சுற்றிப் போனது.

"உம்மட காலைப் பாரும்" என்றார் அப்பா.

அம்மா திரும்பி நின்று தாம் வந்த வழியைப் பார்த்தார். குடம் தளும்பி மார்பெல்லாம் நனைந்தது. "என்ர காலே எனக்கு விரோதமாப் போச்சு" என்று அழுதார். அந்த மாதம் நான் கலாசாலைக்குப் போனேன்.

படித்து முடித்ததும் எனக்குப் புல்மோட்டையில் நியமனம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். சம்பளம் எடுக்கும் பெண் என்ற நடை எனக்கு வந்துவிட்டதென்று மாமா பகிடி பண்ணுவார். அது உண்மைதான். அப்பாவுக்கு அப்போது நெஞ்சில் இழுப்பு. பாயிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிப்பார். ஒரு விடுமுறைக்கு வந்து நின்றபோது அவருக்குக் கட்டில் வாங்குவதென்று தீர்மானித்தேன்.

"எடுப்பம் பிள்ளை" என்றார். "இடம் கீறிவிடுறன்."

முழங்காலில் நின்று கீறினார். முன்னறையின் நடுவே, தலைமாடு மாதா சுரூபத்துக்கு, கால்மாடு வாசலுக்கு. நீளம் சரி. அகலம் மிகவும் குறைவு.

"இது கட்டிலுக்குக் காணாதே அப்பா. திரும்பிப் படுக்க ஏலாது."

"திரும்பிப் படுக்கத் தேவையில்லை."

"வாசலுக்கு நேர ஆரும் கட்டில் போடுவினமே?"

"இஞ்சதான் இதுக்கு இடம்."

நான் வெண்கட்டிக்குக் கையை நீட்டினேன். "பேர் எழுதட்டோ?"

"வேண்டாம். இதுக்குப் பேர் தேவையில்லை" என்று வெண்கட்டியைத் தமது சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் என்னை எழுதவேண்டாம் என்றது அன்றுதான்.

அடுத்தடுத்த கிழமைகளில் நான் வீட்டுக்கு வந்தபோது கண்டதை உள்ளபடி எழுதுகிறேன். கோடு அழிந்திருந்தது. சாப்பாட்டுக் கோப்பையோடு வந்த மாமா, கதை சொல்லிச் சிரித்தபடியே, தாம் அறியாமல் அந்த இடத்தைச் சுற்றிப் போனார். இம்முறை காலை அவர் இழுக்கவில்லை. பூனை வாசற்படியில் இருந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது, வரவில்லை. அது வறண்ட கச்சான் காற்றுக் காலம். வீடெங்கும் செம்புழுதி. முன்னறை நடுவில் மட்டும் நீளமான ஒரு துண்டு நிலம் கழுவி விட்டதுபோல் சுத்தமாய் இருந்தது.

"அந்த இடத்தை மட்டும் ஏனம்மா கூட்டுறியள்?" என்று கேட்டேன்.

"நான் அங்க விளக்குமாறு போடுறதேயில்லை" என்றார் அம்மா.

கிண்ணியாவிலிருந்து துறை கடந்து பாய் விற்க வரும் உம்மா ஒருவர் இருக்கிறார். வந்தால் பாய்க்கட்டை முன்னறை நடுவில் தொப்பென்று போட்டு அதன்மேலேயே இருந்து தேத்தண்ணீர் கேட்பார். அந்தச் சனிக்கிழமை வாசலில் நின்றவர், கட்டைத் தலையிலிருந்து இறக்காமல், சுவரோரமாக மெல்ல நடந்து வந்தார்.

"என்ன உம்மா, நடுவில இருங்கோவன்."

"மெல்லக் கதை புள்ள. ஆரோ படுத்துக் கிடக்காப்போல இரிக்கி."

"அங்க ஒருத்தரும் இல்லையே!"

"எனக்கென்ன கண் தெரியாதா? ஆளில்லத்தான். ஆனா கால் போகுதில்ல."

கதிரையில் இருந்த அப்பா, "உங்கட கால் நல்ல கால், உம்மா" என்று சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. அன்று தேத்தண்ணீரும் கேட்கவில்லை.

எனக்குப் பயம் வந்தது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் வெறும் நிலத்துக்குப் பயப்படுவதா என்று அது கோபமாக மாறியது. அந்த இடத்தில் கட்டிலைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினேன். நாற்பது நாள் முடியும்வரை காத்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த முறையை மீறியது நான்தான். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, தலைமாட்டில் பூ வேலை செய்த முதிரைமரக் கட்டில் வாங்கினேன். தள்ளுவண்டியில் கொண்டு வந்தவர்கள் அதை முன்னறைக்குள் தூக்கி வந்து, நடுவில் வைக்காமல் சுவரோடு சாத்திவிட்டு நின்றார்கள்.

"நடுவில போடுங்கோ" என்றேன்.

"அது வேற சாமானுக்குக் கீறினது பிள்ளை. கட்டிலை உள்ளறையில போடச் சொல்லு" என்றார் அப்பா.

"என்ர சம்பளத்தில வாங்கினது அப்பா. உங்களுக்கு என்ர காசு தேவையில்லையோ?"

வந்தவர்கள் முன்னால் அப்படிக் கேட்டேன். கட்டில் உள்ளறைக்குப் போனதும் அப்பா எழுந்து போய் அதில் மல்லாந்து படுத்தார். கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டு சற்று நேரம் முகட்டைப் பார்த்தார். "நல்ல கட்டில். ஆசைக்குப் படுத்தாச்சு" என்று சொல்லி எழும்பி வந்தார். பிறகு அவர் அதில் படுக்கவில்லை. நானும் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்து, கதிரையில் இருந்து காலை நீட்டி, தேத்தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டு வரமுன் போய்விட்டார். நான் வீட்டில்தான் நின்றேன். கோடு கீறிய நாளிலிருந்து அது நாற்பதாம் நாள்.

உறவுப் பெண்கள் முன்னறையைக் கழுவிவிட்டார்கள். நிலம் காயக் காய, அழிந்து போன கோடு நான்கு பக்கமும் வெள்ளையாக எழும்பி வந்தது. அங்கே நின்ற எல்லோரும் கண்டோம். அளவெடுக்க யாரும் வரவில்லை. மாமா பட்டறைக்குப் போய், செய்து வைத்திருந்ததில் ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். தூக்கி வந்த நால்வரும் எங்கே வைப்பதென்று கேட்கவில்லை. அவர்கள் கையை எடுத்தபோது, பெட்டியைச் சுற்றி நான்கு புறமும் ஒரே விரல் இடைவெளியில் அப்பாவின் கோடு ஓடியது. மாமா முழங்காலில் இருந்து அந்தக் கோட்டைத் தொட்டார்.

"அத்தான், கீறின இடத்துக்குச் சாமான் வந்திட்டுது" என்று சொல்லிக் குழறினார்.

அடக்கம் முடிந்த பின்னேரம் அம்மா என்னிடம் சொன்னார்: "பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்த அண்டைக்குத்தான் கீறினவர். இனிச் செய்ய ஒண்டுமில்லை எண்டிட்டினமாம். பிள்ளையிட்டச் சொல்லவேண்டாம், வேலையை விட்டுட்டு வந்திடுவாள் எண்டவர். கட்டில் வாங்கிறதையும் மறிக்காதேயும், வாங்கட்டும், அது அவளின்ர ஆசை எண்டவர்."

எத்தனையோ பொருளை நாற்பது நாள் நிறுத்தி வைத்த அப்பா, ஓர் ஆசையை மட்டும் ஆசையென்று தெரிந்தே விட்டுக்கொடுத்தார். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான். பெயர் எழுதாத அந்த ஒரு கட்டத்தை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க அவகாசம் கிடைக்காததால் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இங்கே கேட்கிறேன்.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்த வைத்தியருக்கும், மருந்து கொடுத்த தாதிமாருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், செபமாலை சொல்லித் தந்தவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த அயலவர்களுக்கும், வேலையை விட்டு வந்து அவரைத் தோளில் சுமந்த துறைமுகத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

கிண்ணியா உம்மாவைத் தனியாகச் சொல்லவேண்டும். ஏழாம் நாள் புதுப்பாய் ஒன்றோடு வந்தார். விலை வாங்க மறுத்தார். நேரே முன்னறை நடுவுக்குப் போய், அந்த இடத்திலேயே பாயை விரித்து இருந்தார். "இப்ப இஞ்ச ஒருத்தருமில்ல புள்ள. வாங்க, இரிங்க" என்றார். அம்மாவும் நானும் போய் அவருக்கு இருபுறமும் இருந்தோம். அன்றிலிருந்து அந்த இடத்தில் எல்லோரும் நடக்கிறோம். பூனையும் நடக்கிறது. நிலத்தைக் கழுவினால் கோடு எழும்புவதில்லை.

அப்பா போய் இன்று முப்பத்தோராம் நாள். நாற்பதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அப்பாவின் கதிரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நேற்றும் அம்மா கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தார். கதிரைக்கு முன்னால் வந்ததும், நீட்டிய இரு கால்களை விலத்துவது போல, சுற்றிக் குசினிக்குப் போனார். பின்னால் போன நானும் சுற்றித்தான் போனேன். அந்த இடத்தில் யாரும் எதுவும் கீறவில்லை.

மகள்
திருகோணமலை